டிரிப்பர் விழுகிற வீடு

வண்டியச் சொருகிட்டியா தாயி? பச்சை லைட்டு எரியுதா? அப்பச் சரி. வா, இப்படி நெழல்ல வந்து உக்காரு. மெசினப் பாத்துக்கிட்டே நின்னா மட்டும் சீக்கிரமா ஏறிரப் போகுதா? நான் எப்பவும் இந்தப் பெஞ்சு தான். அந்தா, வெள்ளைக் கரண்ட்டுக் காரு நம்மது. முன்னாடி சீட்டுல இருக்கிறது எங்க வீட்டுக்காரக. காத்து வரட்டும்னு கதவத் தொறந்து வச்சிருக்கேன். எறங்க மாட்டாக. பக்கவாதம். வலது கையும் காலும் விளங்கல.

வீட்டுல சார்ஜர் இல்லையான்னு தான கேக்கப் போற? எல்லாரும் அதத் தான் கேக்குறாக. இருக்கு. விருதுநகர்ல எங்க தெருவுலயே மொத சார்ஜர் எங்க வீட்டுது. மழை படாம மேல தகரம் போட்டு, பொட்டு வச்சு, எலுமிச்சம்பழம் கட்டி, அம்புட்டும் பண்ணித் தான் மாட்டுனோம். அதுல ஒரு நாளு முழுசா ஏத்த விடல ஒருத்தி. எங்க ஓரகத்தி. சுகந்தின்னு பேரு. பேருல தான் வாசம்.

நான் சொல்றதக் கேட்டுட்டு நீயே சொல்லு, யாரு மேல தப்புன்னு.

எங்க மாமனார் கட்டுன வீடு. அவரு கண்ண மூடுனதும் அண்ணன் தம்பிக்கு ஆளுக்குப் பாதின்னு கூடத்துக்கு நடுவுல சுவரு வச்சாச்சு. கெணறு இருக்கிற பாதி எனக்கு வேணும்னேன். மூத்த மருமக கேக்குறா, விட்டுக் குடுக்க வேணாமா? அவ விடல. தாயக்கட்டை போட்டுப் பாத்த மாதிரி சீட்டுக் குலுக்கிப் போட்டாக, அவளுக்கு விழுந்துருச்சு. அன்னைக்கு நின்னது தான் பேச்சு. நான் பேசலன்னா இவுகளும் பேசக் கூடாதுல்ல? இவுககிட்டச் சொல்லிட்டேன். தம்பிக்காரன் அழகு வாசல்ல நின்னா, இவுக தலையக் குனிஞ்சுக்கிட்டே வண்டிய எடுத்துட்டு மில்லுக்குப் போயிருவாக. எண்ணெய் மில்லுல மெசின் பாத்தவுக இவுக. தங்கமான மனுசன். எஞ்சொல்லு தட்டுனதே இல்ல.

அப்புறம் இந்தச் சீக்கு வந்துச்சு. மத்தியானம் சாப்பிட்டு எந்திரிச்சவுக கை கழுவுற எடத்துலயே சரிஞ்சுட்டாக. வாயி ஒரு பக்கமா இழுக்குது. நான் தனியாளு. மகன் ஓசூர்ல. அழகோட காரு அவன் வீட்டு வாசல்ல நிக்குது தாயி, கண்ணால பாத்தேன். நான் செருப்பு கூடப் போடாம தெரு முக்குக்கு ஓடி, ஆட்டோவப் பிடிச்சு, ஆட்டோக்காரரும் பழக்கடைக்காரரும் சேந்து தூக்கிப் போட்டுக் கொண்டு போனோம். அந்த வீட்டுல இருந்து ஒரு குஞ்சு எட்டிப் பாக்கல. உள்ள டிவி ஓடுறது எனக்குக் கேக்குது. நான் பதறுறது அவளுக்குக் கேக்காதா?

நீங்க கூப்பிட்டுப் பாத்தீகளான்னு ஆஸ்பத்திரியில ஒரு நர்சு கேட்டுச்சு. எதுக்குக் கூப்பிடணும்? நடுவுல ஒரு செங்கல் சுவரு, அம்புட்டுத் தான். கூடப் பொறந்தவனுக்கு ஒண்ணுன்னா தானா வர வேணாமா? கூப்பிட்டு வர்றதுக்கு அவன் என்ன ஆட்டோ ஓட்டுறானா?

இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பேச்சாச்சும் தப்பிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அந்தக் கொஞ்ச நேரத்தத் தின்னது யாரு? அவ தான். மறுநா புருசனும் பொண்டாட்டியும் ஆரஞ்சுப் பழத்தத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாக. வாசல்லயே மறிச்சுட்டேன். பழத்தோட அப்படியே திரும்பிப் போங்கன்னுட்டேன். அழகு அழுதான். நல்லா அழட்டும்னு நின்னு பாத்தேன்.

ஏங்க, இந்தா வந்துட்டேன், இருங்க! அவுக ஒண்ணுமில்ல தாயி, சும்மா சத்தங் குடுக்குறாக. நீ கேளு.

மதுரையில பேச்சுப் பயிற்சி, கை கால் பயிற்சின்னு வாராவாரம் கூட்டிட்டுப் போகணும். வாடகைக் காரு கட்டுபடியாகாதுன்னு மகன் இந்தக் கரண்ட்டு வண்டிய எடுத்துக் குடுத்தான். நானே ஓட்டப் படிச்சேன். பேரன் பேத்தி எடுக்கிற வயசுல எட்டுப் போட்டேன்னா பாத்துக்க. எதுக்கு? நாளைப் பின்ன ஒரு அவசரம்னாலும் அந்தச் சுகந்தி வீட்டுக் காரு கதவ என் கை தொடக் கூடாது. அதுக்குத் தான்.

சார்ஜர் மாட்ட வந்தவுக, டிரிப்பர் இல்லாம மாட்ட மாட்டோம்னுட்டாக. எங்க வீடு பழைய வீடு, ஃபீஸ் கட்டை தான் இருந்துச்சு. கரண்ட்டு எங்கயாச்சும் கசிஞ்சா டப்புன்னு ஆஃப் ஆகி ஆளக் காப்பாத்துமாம் அது. சரின்னு புதுசா மாட்டுனோம். வண்டியச் சொருகுனேன். பச்சை லைட்டு வந்துச்சு. மகன் போன்ல படம் எடுக்கச் சொன்னான், நான் போனத் தூக்குறேன், டப்பு. வீடே நின்னு போச்சு. தூக்கி விட்டோம். மறுபடி சொருகுனோம். டப்பு. அன்னைக்கு ஆரம்பிச்ச டப்பு தாயி.

கம்பெனிக்காரரு வந்தாரு. சார்ஜரக் கழட்டி வேற வீட்டுல மாட்டிப் பாத்தாரு, அங்க அழகா ஏறுது. அப்ப டிரிப்பர் சரியில்லன்னு அத மாத்துனோம். புது டிரிப்பரும் விழுந்துச்சு. எர்த்து சரியில்லன்னாரு. வாசல் ஓரமா குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, புதுக் கம்பி எறக்குனோம். வெயில்ல காஞ்சா எர்த்து பிடிக்காதுன்னு சொன்னதால, வீட்டுல குடிக்கத் தண்ணி இருக்கோ இல்லையோ, காலையில எந்திரிச்சதும் அந்தக் குழிக்கு ஒரு குடம் ஊத்துனேன். துளசிக்குக் கூட நான் அப்படி ஊத்துனதில்ல. அதுக்கும் விழுந்துச்சு. மழை ஈரமா இருக்கும்னு வண்டியோட சொருகுற வாயத் தொடச்சு, துணியப் போட்டு மூடி வச்சோம். அதுக்கும் விழுந்துச்சு. ஆனா பாரு, அதே லைன்ல வாசல்ல ஒரு சின்ன பல்பு போட்டா மட்டும் விழுகாது. சிரிச்சுக்கிட்டு எரியும்.

அப்புறம் தான் நான் ஒண்ணு கண்டுபிடிச்சேன். எவனும் சொல்லித் தரல, நானே கண்டுபிடிச்சேன். வண்டியே சொருகாம சும்மா இருக்கிற நேரத்துலயும் டிரிப்பர் விழுந்துச்சு. எப்ப விழுகுதுன்னு காதத் தீட்டிக்கிட்டு உக்காந்தேன். அந்தப் பக்கம் சுகந்தி கெணத்து மோட்டரப் போடுறா, இந்தப் பக்கம் டப்பு. அவ கிரைண்டரப் போடுறா, டப்பு. ஆகா, மாட்டுனியாடி மகளேன்னு நெனச்சேன். சுவத்துக்குள்ள வயர விட்டு ஏதோ பண்றா. கெணறு போனது பத்தாதுன்னு கரண்ட்டையும் பிடுங்குறா. இவுக பேச்சப் பிடுங்குனது பத்தாதுன்னு, பேச்சு வைத்தியத்துக்குப் போற வண்டியையும் பிடுங்குறா.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? அவ மொட்டை மாடியில வத்தல் பிழிஞ்சு காயப் போட்ட அன்னைக்குத் தான் நான் எங்க மாடியில ஒட்டடையும் தூசியும் தட்டுனேன், காத்து அடிக்கிற பக்கமாப் பாத்து. அழகு காரு வெளிய எடுக்க முடியாதபடி என் வண்டிய முன்னாடி குறுக்க நிப்பாட்டிட்டு, சாவிய முந்தானையில முடிஞ்சுக்கிட்டு உள்ள போயிப் படுத்துட்டேன். அவன் ஒரு வார்த்தை சொல்லணுமே? வாடகை ஆட்டோ வச்சுப் போனான். அவளும் ஒண்ணும் சொல்லல. அதான் எனக்கு ஆத்திரமே. திட்டுனாலாவது நாலு வார்த்தை திருப்பித் திட்டிக்கலாம். வாயவே தொறக்க மாட்டா. நல்லவளாம்.

கடைசியா யாசின்னு ஒரு எலக்ட்ரீசியன், மார்க்கெட் பக்கம் கடை வச்சிருக்கான், அவன் வந்தான். எல்லாத்தையும் தட்டிப் பாத்துட்டு, கூடத்துல நடுச் சுவத்த ஒட்டி மேல மாமனார் காலத்துக் கரண்ட்டுப் பெட்டி ஒண்ணு இருக்கு பாரு, அதத் தொறந்தான். தொறந்துட்டு ச்சுன்னான்.

என்ன விசயம்னா, கரண்ட்டு போறதுக்கு ஒரு வயரு, திரும்பி வர்றதுக்கு ஒரு வயராம். பாகம் பிரிக்கும்போது போற வயர மட்டும் ரெண்டு வீட்டுக்கும் தனித் தனியாப் பிரிச்சிருக்காக. திரும்பி வர்றத எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள ஒண்ணா முறுக்கி டேப்பு சுத்தி விட்டுட்டாக. இப்ப என் சார்ஜருக்குப் போற கரண்ட்டு எங்க வீட்டு வழியாப் போயி, அதுல பாதி அவ வீட்டு வழியாத் திரும்புது. டிரிப்பர் போனதையும் வந்ததையும் எண்ணிப் பாக்குமாம். போனது இம்புட்டு, வந்தது கொறையுதே, எங்கயோ கசியுதுன்னு விழுந்துருமாம். சின்ன பல்புன்னா கொறையுறது அதுக்குத் தெரியாது. அவ மோட்டர் போட்டா அவ கரண்ட்டு எங்க வீட்டு வழியாத் திரும்புது. அதுக்கும் விழுகுது.

“யாரு மேலயும் தப்பில்லக்கா, பிரிச்சவுக அவசரத்துல விட்டுருக்காக”ன்னான் யாசின். அவசரமாப் பிரிங்க, பொழுது சாயுறதுக்குள்ள எனக்கு அவ மூஞ்சி தெரியக் கூடாதுன்னு அன்னைக்கு நான் தான் சொன்னேன், அது வேற விசயம். வேலை பாத்தவன் ஒழுங்காப் பாக்க வேணாமா?

“முறுக்கப் பிரிச்சு ஆளுக்கொண்ணாக் கட்டிட்டாச் சரியாப் போகும். ஆனா பிரிச்ச ஒடனே அந்த வீட்டுக் கூடமெல்லாம் நின்னு போகும், நான் திருப்பிக் கட்டுற வரைக்கும். அவுகளுக்குத் தோதான நாளாக் கேட்டுச் சொல்லுங்க”ன்னான்.

தோதான நாளு! எனக்குத் தெரியாதா? அந்த வாரந்தான் சுகந்தி மகளப் பொண்ணு பாக்க ராஜபாளையத்துல இருந்து வர்றாகன்னு பூக்காரம்மா சொல்லிருந்துச்சு. நான் யாசினுக்கு அந்த நாளையே குடுத்தேன். மாப்பிள்ளை வீட்டாளுக வந்து உக்காந்து, பொண்ணு காபித் தட்டோட வர்றப்ப ஃபேன் நிக்கணும், லைட்டு அணையணும். வேர்த்து விறுவிறுத்து, இந்த வீட்டுல என்ன சகுனம்டான்னு அவுக மூஞ்சியச் சுளிக்கணும். எங்க வீடு அன்னைக்கு எப்படி இருண்டு போச்சோ அப்படி அவ வீடும் கொஞ்ச நேரம் இருண்டு கெடக்கட்டும். அம்புட்டுத் தான் ஆசப்பட்டேன். பெரிய பாவமா?

அந்த நாளும் வந்துச்சு. வாசல்ல ரெண்டு காரு வந்து நின்னு, ஒரே பட்டுச் சேலையா எறங்குது. யாசின் ஏணியப் போட்டு ஏறிட்டான். இவுக அந்தச் சுவத்துக்குப் பக்கத்துல தான் நாற்காலியில உக்காந்திருக்காக. யாசின் மேல இருந்து சொன்னான், “அக்கா, நம்ம மெயின ஆஃப் பண்ணிட்டேன். ஆனா இதப் பிரிச்சா அந்த வீட்டுக் கரண்ட்டு என் கையில வந்து நிக்கும். அவுக மெயினயும் ஆஃப் பண்ணச் சொல்லிட்டு வாங்க, அப்புறந்தான் தொடுவேன்.”

நான் கொல்லைப் பக்கம் போனேன். கருவேப்பிலைச் செடிக்கு ரெண்டு செம்பு தண்ணி ஊத்துனேன். திரும்பி வந்தேன்.

“சொல்லிட்டீகளாக்கா?”

“ம்.”

சொல்லிட்டேன்னு நான் சொல்லல தாயி. நல்லாக் கேட்டுக்க. ‘ம்’னு தான் சொன்னேன். முன்கூட்டியே சொல்லிட்டா அவ உஷாராகி, விருந்தாளுக போகட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லிருவா, அப்ப என் திட்டம் என்னாகுறது? இந்தக் கரண்ட்டு வேலை பாக்குறவுக எல்லாத்துக்கும் பயங்காட்டத் தான் செய்வாக. அத நான் பெருசா எடுத்துக்கல.

யாசின் டேப்ப உரிச்சான். குறட எடுத்தான். அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடிக்கிட்டுத் தான் இருக்கு, எனக்குக் கேக்குது, ஆனா அது என்ன, சமையக்கட்டுல ஓடுது, எங்கிட்டோ ஓடுது. இவுக நாற்காலியில இருந்து தலையத் தூக்குனாக. மெசின் பாத்த மனுசன்ல, காது மட்டும் கொறையவே இல்ல. ஏணிய அண்ணாந்து பாக்குறாக. என்னையப் பாக்குறாக. சுவத்தப் பாக்குறாக. இடது கையால நாற்காலியத் தட்டுறாக. நான் என்னமோ தண்ணி கேக்குறாகன்னு நெனச்சேன்.

யாசின் கை வயருக்குப் பக்கத்துல போகுது.

“அழகூ!”

தாயி, சீக்கு வந்ததுல இருந்து அந்த வாயில ஒரு சொல்லு வந்ததில்ல. மதுரைக்காரம்மா எழுதிக் குடுத்த அம்மா, தண்ணி, எம் பேரு, எதுவும் வந்ததில்ல. அன்னைக்கு வந்துச்சு. வீடு அதிருற மாதிரி, “அழகூ!”ன்னு ஒரே சத்தம். யாசின் பதறிக் கையப் பின்னுக்கு இழுத்து, ஏணியே ஆடிப் போச்சு.

அடுத்த நிமிசம் அழகு எங்க கூடத்துல நிக்கிறான். எப்படி வந்தான்னே தெரியல. பட்டு வேட்டி தடுக்கி, முட்டியில ரத்தம் வருது. மாப்பிள்ளை வீட்டாளுகள அப்படியே போட்டுட்டு வந்துட்டான். “அண்ணே, என்னண்ணே, கூப்பிட்டியாண்ணே”ன்னு இவுக காலடியில விழுந்து உக்காந்துட்டான். இவுக அந்த விளங்குற கையால அவன் தலையப் பிடிச்சுக்கிட்டு, அழகு அழகுன்னு அதையே சொல்லிச் சொல்லி அழுகுறாக.

யாசின் எறங்கி வந்து வாசல் வழியா அந்த வீட்ட எட்டிப் பாத்தான். அங்க லைட்டு எரியுது, ஃபேன் ஓடுது. “அக்கா, நீங்க அவுககிட்டச் சொல்லலையா?”ன்னான்.

சுகந்தி அதுக்குள்ள வாசப்படியில வந்து நிக்கிறா, கையெல்லாம் மாவு. நான் சட்டுன்னு சொன்னேன், “நான் சொன்னேன்ப்பா, அவ தான் வேணும்னே ஆஃப் பண்ணாம இருந்திருக்கா”ன்னு. அவ என்னைய ஒரு பார்வை பாத்தா பாரு. வாயத் தொறக்கல. மறுத்து ஒரு வார்த்தை சொல்லல. குத்தமுள்ளவ எப்படி வாயத் தொறப்பா?

அழகு எந்திரிச்சு, “மதினி, எங்க மெயின நானே போயி ஆஃப் பண்றேன், வேலை முடியட்டும். அண்ணன் போயிட்டு வர வண்டி வேணும்ல”ன்னான். அவன் ஆஃப் பண்ணி என் வண்டிக்குச் சார்ஜ் ஏறணுமா? அன்னைக்கு வராதவன் உதவி இன்னைக்கு எனக்கு எதுக்கு? ஒண்ணும் வேணாம், எடத்தக் காலி பண்ணு, இனிமே இந்த வாசப்படி மிதிச்சா நடக்கிறது வேறன்னு சொல்லிட்டேன். இவுக அவன் வேட்டிய விட மாட்டேங்குறாக. நான் தான் ஒவ்வொரு வெரலாப் பிரிச்சு விட்டேன்.

யாசினும் ஏணியத் தூக்கிட்டான். ரெண்டு வீட்டாளுகளும் பக்கத்துல நின்னாத் தான் இனி இந்தப் பெட்டியத் தொடுவேன்னு போயிட்டான். அவன் ஊரெல்லாம் சொல்லி வச்சிருப்பான் போல, வேற எவன் வந்தாலும் அதையே தான் சொல்றான். அதான் இங்க வந்து உக்காந்திருக்கேன். பொண்ணு பாக்க வந்த எடமாச்சும் கலைஞ்சுச்சான்னா, அதுவும் இல்ல. அண்ணன் ஒரு குரல் குடுத்ததும் சபையில இருந்து எந்திரிச்சு ஓடுறான், இந்த வீட்டுப் பொண்ணக் கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்னு சம்பந்தி சொல்லிட்டாராம். என்னத்தச் சொல்ல? நான் வெட்டுன குழியில அவ வாழைமரம் வச்சுட்டா.

ஒரே ஒரு குரலு தாயி. ஓடியாந்துட்டான். எனக்கு ஆறவே மாட்டேங்குது. இந்த ஓட்டம் அன்னைக்கு எங்க போச்சு? அன்னைக்கு ஓடியாந்திருந்தா இவுக இப்படிக் கெடப்பாகளா?

ஏன் என்னைய அப்படிப் பாக்குற? அவளும் இப்படித் தான் பாத்தா.

கேக்குதா? அந்தா, கூப்பிடுறாக. அழகு, அழகுன்னு. பொழுதுக்கும் அது ஒண்ணு தான். சோறு ஊட்டுனா அழகு. வேட்டி மாத்தி விட்டா அழகு. சுவத்துப் பக்கமா நாற்காலியத் திருப்பச் சொல்லிக் கையக் காட்டுவாக. நான் அந்தப் பக்கத்துச் சன்னலச் சாத்தி ஆணி அடிச்சுட்டேன். வீட்டுல இருந்தா ரொம்பக் கூப்பிடுறாகன்னு தான் பயிற்சி இல்லாத நாள்லயும் வண்டியில தூக்கிப் போட்டு ரோட்டுல கொண்டு திரியுறேன். எம் பேரு மங்கை. மூணே எழுத்து. குளிப்பாட்டுறது நான், கழுவி விடுறது நான், அந்த மூணெழுத்து வர மாட்டேங்குது. வயிறு எரியுது தாயி. அவ எங்கிட்ட இருந்து கடைசியாப் பிடுங்குனது இது தான்.

என்னது? பக்கத்து வீடு தான, கையத் தாங்கிக் கூட்டிட்டுப் போயி ஒரு எட்டுக் காட்டிட்டு வர வேண்டியது தானங்கிறியா? நல்லாச் சொன்ன போ. அன்னைக்குப் போனவுக இன்னைக்கு வரைக்கும் வாசல்ல வந்து நின்னாகளா? மதினி, அண்ணனக் கூட்டிக்கிட்டு வாங்கன்னு வாய் வார்த்தையா ஒரு வார்த்தை சொன்னாகளா? மொறையா வந்து கூப்பிடட்டும், பாக்கலாம். நீயே சொல்லு, கூப்பிடாம யாராச்சும் வருவாகளா?